குற்றம் இல்லை, அதனால் ஏழு வருஷம்

நெப்போலியன் காலத்தில், 1810-ல், பிரான்சில் ஒரு தண்டனைச் சட்டம் வந்தது. அதில் 66ஆம் பிரிவை முதல் தடவை படிக்கிறவர்களுக்கு அச்சுப்பிழையோ என்று சந்தேகம் வரும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பையன் ஒருவன் குற்றம் செய்து பிடிபட்டால், நீதிமன்றம் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். தப்பு என்று தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா? தெரிந்து செய்தான் என்றால் தண்டனை உண்டு, ஆனால் பெரியவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக. தெரியாமல் செய்தான் என்றால் விடுதலை.

இதுவரைக்கும் சரி. ஆனால் அந்தப் பிரிவு அங்கே முடியவில்லை. விடுதலையான பையனைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். இல்லையென்றால் 'வளர்ப்பதற்காக' ஒரு சீர்திருத்த இல்லத்தில் அடைத்து வைக்கலாம். எத்தனை வருஷம்? நீதிபதி பார்த்துச் சொல்வதுதான். இருபது வயதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிமூன்று வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஒரே கடையில் ரொட்டி திருடுகிறார்கள். ஒருவன் விவரமானவன், தெரிந்தே செய்தான் என்று நீதிபதி நினைக்கிறார். அவனுக்குச் சில மாதங்கள் ஜெயில். இன்னொருவன் பாவம், ஒன்றும் தெரியாதவன். அவன் குற்றவாளியே இல்லை. ஆகவே அவனுக்கு ஏழு வருஷம்.

சீர்திருத்தப் பள்ளிகளின் வரலாறு என்று தேடினால் கொடுமைக் கதைகள் நிறையவே கிடைக்கும். அடி, பட்டினி, இருட்டறை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது இந்தக் கணக்குதான். தண்டனைக்கு ஓர் அளவு உண்டு, இவ்வளவு திருடினால் இவ்வளவு நாள் என்று. திருத்துவதற்கு அப்படி எந்த அளவும் கிடையாது. பையன் 'திருந்தும் வரைக்கும்' என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்?

இந்த 66ஆம் பிரிவுப் பையன்களுக்காகவே கட்டப்பட்ட இடம் மெத்ரே. பிரான்சின் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிஷெல் ஃபூக்கோ 1975-ல் வெளியிட்ட சிறையின் வரலாறு பற்றிய புத்தகத்தின் கடைசியில் இதைப் பற்றிப் பேசுகிறார். நவீன சிறை அமைப்பு முழுமை பெற்ற நாள் எது என்று கேட்டால், 1840 ஜனவரி 22, மெத்ரே முறைப்படி திறக்கப்பட்ட நாள் என்பேன் என்கிறார். ஃபூக்கோ வழியாகத்தான் பலருக்கும் மெத்ரே தெரியும், தமிழில் எழுதுகிறவர்கள் உள்பட. அதனாலேயே அது ஏதோ இருண்ட கோட்டை என்ற படம் மனசில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அங்கே சுற்றுச்சுவரே கிடையாது.

அதைக் கட்டிய தெமெட்ஸ், பாரிஸ் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். சிறுவர் வழக்குகள் அவர் முன்னால் வந்தபடி இருந்தன. அவர்களை அனுப்ப உருப்படியான இடம் எதுவும் இல்லை. பெரும்பாலான ஊர்களில் பெரியவர்களோடு ஒரே ஜெயில்தான். பாரிசில் மட்டும் 1836-ல் சிறுவர்களுக்கென்று 'சின்ன ரோக்கெத்' என்ற சிறையைத் திறந்தார்கள். சில வருஷத்திலேயே அங்கே ஒவ்வொரு பையனையும் இரவு பகலாகத் தனிக்கொட்டடியில் அடைக்கும் முறை வந்தது. இது எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு! 1865-ல் பேரரசி யூஜெனி நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அது நின்றது.

இந்தப் பின்னணி தெரிந்தால் தெமெட்ஸைக் கெட்டவராகப் பார்க்க மனசு வராது. எனக்கு வரவில்லை. வசதியான பதவியை விட்டுவிட்டு, மீதி ஆயுள் முழுவதையும் இந்தப் பையன்களுக்காகச் செலவழித்தவர். 1836-ல் அபெல் ப்ளூவே என்ற கட்டடக் கலைஞரோடு அமெரிக்கா போய் அங்குள்ள சிறைகளைச் சுற்றிப் பார்த்தார். ஜெர்மனியின் ஹாம்பர்கில் விஷேர்ன் என்ற பாதிரியார் 1833-ல் ஆரம்பித்திருந்த அனாதைப் பிள்ளைகள் இல்லமும் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. அங்கே பிள்ளைகள் சின்னச் சின்ன வீடுகளில் குடும்பம் மாதிரி வளர்ந்தார்கள். இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் மெத்ரே: வெளியே குடும்பம், உள்ளே சிறை. சிறைகளைப் பார்வையிடப் போன அதே ப்ளூவேதான் மெத்ரேயின் வரைபடத்தையும் போட்டார் என்பதை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு சதுக்கம். ஒரு பக்கம் தேவாலயம், இரண்டு ஓரமும் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது பையன்கள். அதற்குப் பெயர் 'குடும்பம்'. பொறுப்பாளர் 'குடும்பத் தலைவர்'. பையன்களிலேயே இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து 'அண்ணன்' ஆக்குவார்கள். கீழ்த்தளத்தில் பட்டறை, மேலே படுக்கை. கட்டில் கிடையாது, கப்பலில் மாலுமிகளுக்குக் கட்டுவது மாதிரி தூளி. காலையில் சுருட்டி ஓரமாகக் கட்டிவிட்டால் அதே இடம் சாப்பாட்டுக்கூடம். எழுந்திருப்பது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது எல்லாமே எக்காள ஓசைக்குத்தான். வேலை என்றால் பெரும்பாலும் வயல் வேலை. மண்ணால் மனிதனைத் திருத்துவது, மனிதனால் மண்ணைத் திருத்துவது என்பது தெமெட்ஸின் கொள்கை. கடலே இல்லாத அந்த ஊரில், சதுக்கத்தின் நடுவே பாய்மரமும் கயிறுகளுமாக ஒரு முழுக் கப்பலை நிறுத்தியிருந்தார்கள், மாலுமிப் பயிற்சிக்காக. பழைய படங்களில் பார்த்தால் நிலத்தில் கரைதட்டிப்போன கப்பல் மாதிரியே இருக்கும்.

தேவாலயத்துக்குப் பின்னால் தண்டனைக் கொட்டடிகள். அவற்றின் சுவரில் கறுப்பு எழுத்தில், கடவுள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

பையன்களைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே, 1839-ல், ஊழியர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தெமெட்ஸ் ஆரம்பித்தார். பையன்களுக்கு என்ன வேலை வாங்கப் போகிறோமோ அதையெல்லாம் முதலில் ஊழியர்கள் செய்து பழக வேண்டும். அந்தக் காலத்தில் ஜெயில் வார்டர் வேலைக்குப் படிப்பா, பயிற்சியா? ஃபூக்கோவுக்கு மெத்ரே ஏன் அவ்வளவு முக்கியம் என்றால் பெரிதும் இதற்காகத்தான். அங்கே இருந்தவர் ஆசிரியரா, அப்பாவா, மேஸ்திரியா, ராணுவ அதிகாரியா, வார்டரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே ஆள்.

மெத்ரேயின் புகழ் சீக்கிரமே பரவியது. பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இங்கிலாந்தில் 1849-ல் ரெட் ஹில், நெதர்லாந்தில் 1851-ல் அதே பெயரில் ஒரு 'நெதர்லாந்து மெத்ரே'. பிரான்சிலேயே 1850-ல் ஒரு சட்டம் வந்து, 66ஆம் பிரிவுப் பையன்களை இந்த மாதிரி விவசாயக் 'காலனி'களுக்கு அனுப்பலாம், அவற்றைத் தனியாரே நடத்தலாம் என்றது.

சிக்கல் ஆரம்பித்தது இங்கேதான். தனியார் காலனிக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று படி கொடுக்கும். பையன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம். அதோடு பதினொரு வயதில் வருகிறவனால் பெரிதாக வேலை செய்ய முடியாது, அவன் செலவுக் கணக்கு. அவனே பதினேழு வயசானால் முழு ஆள் வேலை செய்வான், கூலி கிடையாது. நன்றாகத் திருந்தி, நன்றாக வேலை பழகியவனைத்தான் வெளியே விட மனசு வராது. யாரும் கொடூரமானவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்குப் புத்தகமே பார்த்துக்கொள்ளும். கொடூரமானவர்களும் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். மத்தியதரைக் கடலில் லெவான் என்ற தீவில் ஒரு பிரபு நடத்திய காலனியில் 1866-ல் கலவரம் நடந்தது. அதில் மூண்ட தீயில் பதினாலு பையன்கள் செத்துப்போனார்கள்.

மெத்ரேயிலேயே இன்னொரு கட்டடம் இருந்தது. அதைப் பற்றி அதிகம் பேரால் எழுதப்படவில்லை. 'தந்தையர் இல்லம்' என்று பெயர். பிரெஞ்சு சிவில் சட்டப்படி, அப்பாவுக்குப் பிள்ளைமேல் அதிருப்தி என்றால் நீதிமன்றத்தில் சொல்லிக் கொஞ்ச நாள் அடைத்து வைக்கலாம். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் ஒரு மாதம் வரை, அதற்கு மேலே ஆறு மாதம் வரை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளை இப்படி அனுப்புவதற்குத்தான் இந்த இல்லம். காசு கட்டிச் சேர்க்க வேண்டும். யார் வீட்டுப் பையன் என்று வெளியே தெரியாது. தனித்தனி அறை, ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட முடியாது. வயலுக்கும் போக வேண்டாம், வாத்தியார் அறைக்கே வந்து பாடம் நடத்துவார். பணக்காரப் பையனுக்கு மாதக் கணக்கு, ஏழைப் பையனுக்கு வருஷக் கணக்கு. இரண்டும் ஒரே வளாகத்தில்.

இங்கிலாந்துக்குப் போனபோதும் இந்தக் கணக்கு கூடவே போனது. அங்கே இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் பிரிஸ்டலைச் சேர்ந்த மேரி கார்ப்பென்டர். 1852-ல் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் தானே ஒரு சீர்திருத்தப் பள்ளி ஆரம்பித்தார். 1854-ல் வந்த சட்டம் அவர் கேட்டதில் பாதியைக் கொடுத்தது. பையன் குறைந்தது பதினாலு நாள் ஜெயிலில் இருக்க வேண்டும், அப்புறம் இரண்டு முதல் ஐந்து வருஷம் சீர்திருத்தப் பள்ளி. அந்தப் பதினாலு நாள் ஜெயில் கூடாது என்று கார்ப்பென்டர் கடைசிவரை சண்டை போட்டார். தப்புக்குத் தண்டனை வேண்டாமா என்று எதிர்த்தரப்பு. இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் கவனிக்காத ஒன்று உண்டு. ஜெயில் பதினாலு நாள், கருணை ஐந்து வருஷம். ஐந்து வருஷத்தைப் பற்றி யாருக்கும் உறுத்தல் இல்லை. 1899-ல்தான் அந்த முன்ஜெயில் ஒழிந்தது. வருஷக் கணக்கு அப்படியே இருந்தது.

மேரி கார்ப்பென்டர் இந்தியாவுக்கும் வந்தார், முதலில் 1866-ல். பெண் கல்விக்காக அவர் பேசியதுதான் இங்கே நினைவில் நின்றது. ஆனால் ஜெயில்களையும் போய்ப் பார்த்து, சிறுவர்களைப் பெரியவர்களோடு அடைக்காதீர்கள் என்று வற்புறுத்தினார். பத்து வருஷம் கழித்து, 1876-ல், இந்திய அரசாங்கம் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்துக்கான பள்ளி 1887-ல் செங்கல்பட்டில் ஆரம்பமானது. 1897-ல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். அதன் 8ஆம் பிரிவு இப்படிப் போகிறது: பதினைந்து வயதுக்குட்பட்ட பையனுக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்திருந்தால், அதற்குப் பதிலாக அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம், மூன்று வருஷத்துக்குக் குறையாமல், ஏழு வருஷத்துக்கு மிகாமல். (சட்டம் பையன்களுக்கு மட்டும்தான். பெண் குழந்தைகள் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.)

ஆக, மூன்று மாத ஜெயிலுக்குப் பதிலாக மூன்று வருஷப் பள்ளி என்பது செங்கல்பட்டிலும் சட்டப்படி சரி. பையன் வீட்டாருக்கு இது எப்படிப் புரிந்திருக்கும்? மாடு மேய்க்கவோ நெசவுக்கு உதவவோ வீட்டில் இருந்த பிள்ளை, திரும்பி வரும்போது மீசை முளைத்திருக்கும். அன்றைக்கு நடைமுறையில் இருந்த இன்னொரு வழி பிரம்படி. 1864 சவுக்கடிச் சட்டம் சிறுவர்களுக்கு அதை அனுமதித்தது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிக்கிற மாதிரி, லேசான பிரம்பால். அரசாங்கத்துக்குச் செலவில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். பிரம்படி காட்டுமிராண்டித்தனம்தான். ஆனாலும் அந்தப் பையனிடமோ அவன் அம்மாவிடமோ எது வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. 1920-ல் சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் இயற்றியது, இந்தியாவிலேயே முதலாவது. பள்ளிகளின் பெயர்கள் அதற்குப் பிறகு பல தடவை மாறிவிட்டன.

இந்தக் கணக்கைத் தப்பு என்று ஒரு நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது அமெரிக்காவில். அங்கே பாதை வேறு. 1825-ல் நியூயார்க்கில் முதல் 'புகலிட இல்லம்' திறந்ததிலிருந்து, அரசுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஸ்தானம், ஆகவே இல்லத்தில் வைப்பது தண்டனையே ஆகாது என்ற வாதம் ஓடிக்கொண்டிருந்தது. தண்டனை இல்லையென்றால் வக்கீல் எதற்கு, சாட்சி எதற்கு? 1870-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் விழித்துக்கொண்டது. டேனியல் ஓ'கானல் என்ற பையன், எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலேயே சிகாகோ சீர்திருத்தப் பள்ளியில் இருந்தான். அவனை அப்பாவிடம் அனுப்பச் சொன்னது நீதிமன்றம். அது விதிவிலக்காகவே நின்றுபோனது. 1899-ல் அதே சிகாகோவில்தான் உலகத்துக்கே முன்மாதிரியான சிறுவர் நீதிமன்றம் வந்தது, பழைய பெற்றோர் ஸ்தான வாதத்தையே அஸ்திவாரமாக வைத்து.

அப்புறம் 1964. அரிசோனாவில் ஜெரால்டு கால்ட் என்ற பதினைந்து வயதுப் பையன், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆபாசமாக ஃபோன் பண்ணினான் என்று புகார். பிடித்துக்கொண்டு போனதைப் பெற்றோரிடம் சொல்லக்கூட இல்லை. விசாரணையில் வக்கீல் இல்லை, புகார் கொடுத்த அம்மா வரவில்லை, யார் என்ன பேசினார்கள் என்பதற்கு எழுத்துப்பதிவு இல்லை. தீர்ப்பு: இருபத்தொரு வயது வரை மாநிலத் தொழிற்பள்ளி. அதாவது ஆறு வருஷம் வரை. அதே ஃபோனை ஒரு பெரிய மனுஷன் பண்ணியிருந்தால் அதிகபட்சம் ஐம்பது டாலர் அபராதம், அல்லது இரண்டு மாத ஜெயில். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தொழிற்பள்ளி என்று பெயர் வைத்தாலும் அடைத்து வைப்பது அடைத்து வைப்பதுதான். ஆகவே பையனுக்கு வக்கீல் வேண்டும், குற்றச்சாட்டு என்னவென்று முன்கூட்டியே தெரிய வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை வேண்டும் என்றது. நெப்போலியனின் 66ஆம் பிரிவுக்கும் இதற்கும் நடுவே 157 வருஷம்.

பிரான்சில் அந்தப் பிரிவைக் கடைசியில் ஆட்டிவைத்தது நீதிமன்றம் அல்ல, பத்திரிகைகள். 1934 ஆகஸ்டில், பெல் ஈல் தீவில் இருந்த அரசுக் காலனியில் ஒரு பையன் சாப்பாட்டு நேரத்தில் சூப்புக்கு முன்னால் பாலாடைக்கட்டியைக் கடித்துவிட்டான். அதற்கு அடி. அடியைப் பார்த்த மற்றவர்கள் கொதித்தெழுந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். ஓடி எங்கே போவது, சுற்றிலும் கடல். பிடித்துக்கொடுத்தால் தலைக்கு இருபது பிராங்க் என்று அறிவித்தார்கள். தீவுக்காரர்கள் மட்டுமில்லை, விடுமுறைக்கு வந்திருந்த சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்து தேடினார்கள். கவிஞர் ழாக் ப்ரெவெர் இதை வைத்து எழுதிய கவிதை பாட்டாகவும் ஆனது. அதன்பிறகு அலெக்சி தனான் என்ற பத்திரிகையாளர் 'பாரி-சுவார்' நாளிதழில் சிறுவர் காலனிகளை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். 1937-ல் மெத்ரே மூடப்பட்டது. கிட்டத்தட்ட நூறு வருஷத்தில் சுமார் 17,000 பையன்கள் அதன் வழியாகப் போயிருந்தார்கள். 66ஆம் பிரிவின் தர்க்கம் 1945 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்த புதிய சிறார் சட்டத்தோடுதான் போனது.

அந்த 17,000 பேரில் நமக்குப் பெயர் தெரிந்தவர் ழான் ஜெனே. பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர். 1926-ல் டிக்கெட் இல்லாமல் ரயிலில் போய்ப் பிடிபட்டார். சில வாரம் உள்ளூர் ஜெயில், பிறகு இருபத்தொரு வயது வரை மெத்ரே என்று உத்தரவு. அப்போது வயது பதினைந்து. ஆக, ஒரு ரயில் டிக்கெட்டுக்கு ஆறு வருஷம்.

வேடிக்கை என்னவென்றால், மெத்ரேயை மூடியதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. 1946-ல் வெளியான நாவலில் அந்த இடத்தை ஏக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். 1948-ல் வானொலிக்காக ஒரு உரை எழுதினார். சீர்திருத்தப் பள்ளிகளை மென்மையாக்கப் போகிறோம் என்று கிளம்பும் நல்லவர்களைப் பார்த்து, பையன்களிடம் மிச்சமிருக்கும் முரட்டுத்தனத்தையும் பிடுங்கப் பார்க்கிறீர்கள் என்ற தொனி. வானொலி அதை ஒலிபரப்ப மறுத்துவிட்டது. இதை வைத்து, பார்த்தீர்களா, உள்ளே இருந்தவரே குறை சொல்லவில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியான வாசிப்பாகப் படவில்லை. ஜெனே மெத்ரேயின் கொடுமையை மறைக்கவே இல்லை. அவர் வெறுத்தது, அந்தக் கொடுமைக்கு 'உன் நன்மைக்குத்தான்' என்று பெயர் சூட்டுவதை.

ஆறு வருஷமும் அவர் அங்கே இருக்கவில்லை. காலம் முடியும் முன்னே வெளியே வர ராணுவம் ஒரு வழியாக இருந்தது. 1929 மார்ச்சில், பதினெட்டு வயதில், ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெனே மெத்ரேயை விட்டுக் கிளம்பினார்.